பேனா கத்தி

பத்து வயதுப் பையனுக்குக் கத்தி வாங்கித் தரலாமா என்று உங்களிடம் கேட்டால், கேள்வியை முடிப்பதற்குள் "நம்ம காலத்துல எல்லாம்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். நம் வயதுக்காரர்களின் வியாதி அது. நம் காலத்தில் நாம் ஒன்றும் பெரிய கத்தி பிடித்துக் கிழித்துவிடவில்லை. பென்சில் சீவ அரை பிளேடு, மாங்காய் நறுக்க அடுத்தவன் கத்தி. அவ்வளவுதான் நம் வீரம். அதனால் அந்தப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். போன மாதம் முழுக்க ஒரு மடக்குக்கத்திக்காக நான் சேலம் கடைவீதியில் பைத்தியக்காரன் மாதிரி அலைந்தேன்.

அலையவிட்டது அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பா மகள். என்னைவிட நாலு வயது மூத்தவள். ஃபேர்லேண்ட்ஸில் மகன் வீட்டில் இருக்கிறாள். ஒரு நாள் காலையில் போன் செய்தாள்.

"தம்பி, என்ற பேரன் ஸ்கூல்ல ஏற்காட்டுக்குக் கேம்ப் கூட்டிட்டுப் போறாங்களாமா. கொண்டு வர வேண்டிய சாமான்ல சின்னக் கத்தின்னு போட்டிருக்குது. இவன் ஒத்தக் கால்ல நிக்கறான். அவனப்பன் போன்ல என்னென்னமோ படம் காட்டறான், எனக்கு ஒண்ணும் புடிபடல. நீயே பாத்து ஒண்ணு வாங்கிட்டு வா சாமி."

"நான் தமிழ் வாத்தியார்க்கா. கத்தியைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"நீதான் எதையும் பத்துத் தடவ பாத்து வாங்குவ. பாத்து எடுத்துட்டு வா."

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வாசலுக்குப் போய் ஒன்றுமில்லாத தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஐம்பத்தெட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அது ஒரு கத்தியைப் பற்றியது. அவளே இப்போது என்னிடம் ஒரு கத்தி கேட்டுவிட்டாள். இனி எந்த முகத்தோடு அதை அவள் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போவது?

கடைவீதியில் பூட்டும் சாமானும் விற்கிற ஒரு பாய் கடை உண்டு. போய்க் கேட்டதும் பாய் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். கத்திகள் கண்ணாடிமேல் சரிந்தன.

"யாருக்கு சார்? உங்களுக்கா?"

"ஒரு பையனுக்கு. பத்து வயசு."

"அப்ப இதான் சார். பதினோரு சாமான் இதுக்குள்ள இருக்கு. கத்திரி, ரம்பம், மூடி தொறக்கறது. பையன் சந்தோசப்படுவான்."

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கொய்யாக்காயில் போட்டுப் பார்த்தேன். கத்தி ஆடியது. ரம்பம் வெளியே வந்தது, உள்ளே போக மாட்டேன் என்றது. அடுத்த நாள் போய் மாற்றினேன். இரண்டாவது நல்ல கனம், நல்ல கூர். ஆனால் அதைத் திறக்க என் நகமே பெயர்ந்துவிடும்போல் இருந்தது. மடக்கும்போது சட்டென்று விழுந்து என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். பாய் என் விரலையும் என்னையும் பார்த்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. கத்தி பையனுக்கா, இல்ல உங்களுக்கேவா? பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இத்தினி வாட்டி வர மாட்டாங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குத்தான் தெரியும், நான் கத்தி தேடவில்லை, நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன் என்று.

அந்தப் பழைய கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். அப்பா லாரி டிரைவர். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போனால் திரும்பி வர இருபத்தைந்து நாள், ஒரு மாதம்கூட ஆகும். பெரியப்பா ஊரிலேயே இருந்து இரண்டு பேருடைய காட்டையும் பார்த்துக்கொண்டார். ஒரே கிணறு, எங்கள் வீட்டு வாசலை ஒட்டித்தான் அதற்கு வழி. பெரியப்பாவின் மூத்த மகனை நான் அண்ணன் என்பேன். அவருக்கு அப்போது பதினெட்டு வயது. அடுத்தவள் அக்கா, ஒன்பதாம் வகுப்பு.

அக்கா பெரிய மனுஷியானதும் பெரியப்பா படிப்பை நிறுத்திவிட்டார். அந்தத் தடவை அப்பா லாரியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகப் பெரியப்பாவிடம் போய் நின்றார். "நான்தான் எழுத்து வாசனை இல்லாம ஊரு ஊராப் போயி போர்டு படிக்கத் தெரியாம முழிக்கறேன். புள்ள படிக்கட்டும்ணா. டீச்சராக்கோணும் அவள" என்று சண்டை பிடித்து மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவைத்தார். பெரியப்பா யார் பேச்சையும் கேட்கமாட்டார், தம்பி பேச்சைத் தவிர. அக்காவுக்குச் சித்தப்பா என்றால் உயிர்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? அம்மாவுக்கும் தெரியாது. அதனால் வீட்டுக் கடிதம் முழுக்க என் கையில். இன்லேண்ட் லெட்டரை எங்கள் ஊரில் எல்லோரும் இங்கிலாண்டு லெட்டர் என்பார்கள். நீலத்தாள், மூன்று மடிப்பு, ஓரத்தில் பசை. அம்மா அடுப்புப் பக்கம் நின்றபடி சொல்லச் சொல்ல, நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவேன். அம்மா பேசுகிற மாதிரி எழுதமாட்டேன். "ஊடு" என்றால் "வீடு", "கொலைக்குது" என்றால் "குரைக்கிறது". புத்தகத் தமிழில் எழுதுகிறேன் என்று எனக்கு அவ்வளவு திமிர். கடிதம் நாக்பூரில் ஒரு லாரி ஆபீசுக்குப் போகும். அங்கே நம் ஊர்ப்பக்கத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவார்.

அந்த மாசி மாதம் என் வகுப்பில் ஒருவன் பேனாக்கத்தி கொண்டுவந்தான். சிப்பி மாதிரி மினுங்குகிற கைப்பிடி, உள்ளே இரண்டு அலகு. திறந்தால் 'டிக்', மூடினால் 'டக்'. பென்சில் சீவித் தர ஒரு புளியங்காய் வாங்குவான். நான் நாலு நாள் புளியங்காய் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அந்தக் கத்தியைக் கையில் வாங்கிப் பார்க்கக் கேட்டேன். தரமாட்டேன் என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் 'டிக், டக்' என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். "அந்த எழவு நமக்கெதுக்கு? கையக் கிழிச்சுட்டு வந்து நிக்கறதுக்கா?" என்று முடித்துவிட்டாள்.

அந்த வாரம்தான் கடிதம் எழுதச் சொன்னாள். மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். அம்மாவின் கை முழங்கைவரை மஞ்சள். அவள் சொன்னது இப்போதும் வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"எல்லாரும் சௌக்கியம்னு எழுது. செவல கன்னு போட்டிருக்குது, கெடாரிக் கன்னு. மஞ்ச நல்லா எறங்கியிருக்குது. நாலஞ்சு நாளா ராத்திரியில நாய் ஓயாம கொலைக்குது. மரநாய் ஒண்ணு கோழியத் தூக்க வருது. பெரியவருதான் வந்து வந்து பாத்துட்டுப் போறாரு. நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க. அவ்ளோதான், ஒட்டிரு."

பெரியவர் என்றால் பெரியப்பா. எழுதிக்கொண்டு வரும்போதே எனக்கு ஒரு யோசனை ஓடியது. தாள் முடியப் போகிறது. என் கத்தியை எழுத இடம் வேண்டும். அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. மரநாய் வரியை விட்டுவிட்டேன். மரநாயைப் பற்றி அப்பாவுக்கு நாக்பூரில் என்ன என்று நினைத்தேன். அதில் மிஞ்சிய இடத்தில், பெரியவர் வரிக்குக் கீழே தாளின் அடி ஓரத்தில், என் வரியை நுழைத்தேன். 'பேனா' என்பதோடு வரி முடிந்துவிட்டது. 'கத்தி வாங்கி வரவும்' என்பதை மடிப்புக்கு அந்தப் பக்கம் எழுதினேன். நடுவில் போட வேண்டிய 'க்' என்ற ஒற்றைப் போடவில்லை. வகுப்பில் அதே வாரம்தான் ஒற்று எங்கே மிகும் என்று பாடம் நடந்தது. எனக்குக் காதெல்லாம் 'டிக், டக்'.

பின்னால் முப்பத்து மூன்று வருடம் அந்த ஒற்றுக்காக மாணவர்களுக்கு அரை அரை மதிப்பெண்ணாகக் குறைத்திருக்கிறேன். ஒரு பையன் ஒருமுறை, "ஒரு க் இல்லன்னா என்ன சார் ஆயிரும்?" என்று கேட்டான். நான் வகுப்பை விட்டு வெளியே போய்விட்டேன். பையன்கள் நான் கோபித்துக்கொண்டதாக நினைத்தார்கள்.

இப்போது நீங்களே அந்தக் கடிதத்தை நாக்பூரில் நின்று காதால் கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் நாய் ஓயாமல் குரைக்கிறது. பெரியவர்தான் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார். பேனா. கத்தி வாங்கி வரவும்.

அப்பா வந்தால் மெயின் ரோட்டில் லாரியை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நான் ஓடுவேன். அந்தத் தடவை ஹாரன் இல்லை. ஒரு மத்தியானம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, முகத்தில் நாலு நாள் தாடியோடு வாசலில் நின்றார். பாதி வழியில் லாரியை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டாராம்.

பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். பச்சைப் பேனா, பொன்னிறக் கிளிப். "இந்தாடா, உன்ற பேனா." அப்புறம் ஒரு துணிப்பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு முழ நீளத்துக்குத் தோல் உறை போட்ட கத்தி, கொம்புப் பிடி. அதை அம்மாவிடம் நீட்டினார். "நீ கேட்டது."

"என்னதுங்க இது? நானெங்கீங்க கத்தி கேட்டேன்?"

"கடுதாசில எழுதியிருந்துதே. கணக்குப்பிள்ளை ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனாரு. நாய் கொலைக்குது, அவன் வந்து வந்து போறான், கத்தி வாங்கிட்டு வாங்கன்னு. பயப்படாத, நான் வந்துட்டனில்ல. என்ன நடந்துது, சொல்லு."

அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. என் பக்கம் திரும்பினாள்.

"ஏஞ்சாமி, கத்தின்னு நீயா எழுதுன?"

எல்லாவற்றையும் அந்த ஒரு நொடியில் சரிசெய்திருக்கலாம். எனக்குப் புரிந்துவிட்டது என்பதுதான் இதில் கொடுமை. பத்து வயதுதான், ஆனால் புரிந்தது. அப்பா கையில் அவ்வளவு நீளக் கத்தி. அம்மாவுக்குத் தெரியாமல் நான் எழுதிய வரி.

"நீ சொன்னதத்தாம்மா எழுதுனேன்" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் சொல்ல அஞ்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். படியிறங்கி நடந்தார். "மரநாய்க்குத்தாங்க அவரு வந்தாரு, மரநாய்க்குத்தாங்க" என்று அம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினாள். கடிதத்தில் இல்லாத மரநாய் திடீரென்று எங்கிருந்து வந்தது என்றுதான் அப்பாவுக்குத் தோன்றியிருக்கும்.

களத்தில் மஞ்சள் வெந்துகொண்டிருந்தது. பெரிய கொப்பரை, மேலே ஈரச்சாக்கு, கரும்புச் சோகை எரிகிற புகை, மண்ணும் மருந்தும் கலந்தது போன்ற அந்த வாடை. இன்றைக்கும் யார் வீட்டிலாவது பச்சை மஞ்சளை இடித்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பெரியப்பா ஒரு கிழங்கைக் கையில் வைத்து, வெந்துவிட்டதா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் எட்டுப் பத்து ஆட்கள். அண்ணன் கொப்பரைக்கு அந்தப் பக்கம் நின்றார். அக்கா பள்ளிக்கூடம் விட்டு நேராகக் களத்துக்கு வந்தவள், பையைக்கூட இறக்கவில்லை.

"ராத்திரியில என்ற ஊட்டுப் பக்கம் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார் அப்பா.

பெரியப்பா சிரிக்கப் பார்த்தார். தம்பி விளையாடுகிறான் என்று நினைத்திருப்பார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மறுநாள் கிணற்று வழியில் பெரியப்பா முள் போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் அப்பா தன் கண்ணாலேயே மரநாயைப் பார்த்தார். கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்திருந்ததாம். இரண்டு தடவை பெரியப்பா வீட்டு வாசலுக்குப் போய் நின்றார், பெரியப்பா வெளியே வரவில்லை. கடிதத்தைப் பற்றிச் சொன்னால் பழி அம்மாவின் தலையில் விழும் என்று, எதை வைத்து அப்படிக் கேட்டார் என்பதை அப்பா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த நியாயம் அது. தப்பு என்று இன்றைக்கு நான் சொல்லலாம், சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"அவன் சொன்ன படிப்பு எனக்கு வேண்டாம்" என்று பெரியப்பா அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். அடுத்த வைகாசியில் கல்யாணம், ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டுகிற குடும்பத்தில். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. பெண்ணழைப்புக்குப் போகிற வண்டியை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு போனாள். என்னைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாள், அதனால் பார்க்காமல் இருந்ததே நல்லது என்று அப்போது நினைத்தேன்.

கத்தியை அம்மா பரண்மேல் போட்டாள். வீட்டுக்கு ஓடு மாற்றியபோது காணாமல் போயிற்று. யாரும் தேடவில்லை. பேனா என்னிடமே இருந்தது. மசி கசியாத நல்ல பேனா, அதில்தான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். தமிழில் பள்ளியிலேயே முதல். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அம்மா மட்டும் அதற்குப் பிறகு என்னைக் கடிதம் எழுதச் சொல்லவே இல்லை. போஸ்ட்மேனை உட்காரவைத்து, வரி வரியாகத் திருப்பிப் படிக்கச் சொல்லி எழுதிக்கொள்வாள். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம்.

பெரியப்பா இறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அப்பாவும் நானும் மாலையோடு போனோம். அண்ணன் வாசலில் கையை நீட்டி மறித்தார். "போதுங்க, போயிருங்க" என்றார். அப்பா மாலையை வேலிமேல் வைத்துவிட்டுத் திரும்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சாவு வீட்டில் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா இறந்தபோது அக்கா மட்டும் வந்தாள். வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எவனோ மூட்டிவிட்டுட்டான் சித்தப்பன. அவரா அப்பிடிப் பேசற ஆளில்ல" என்றாள். அன்றிலிருந்து அவளோடு போக்குவரத்து உண்டு. ஒவ்வொரு முறை அவள் வீட்டில் காபி குடிக்கும்போதும், அந்த எவனோ நான்தான் என்று நாக்கு நுனிவரை வரும். காபியோடு விழுங்கிவிடுவேன்.

இப்போது கத்திக்கு வருவோம். மூன்றாவது கத்தியைப் பாய் உள்ளேயிருந்து எடுத்து வந்தார். ஒரே அலகு, மரப்பிடி. திறந்தபின் ஒரு வளையத்தைத் திருப்பிவிட்டால் தானாக மடங்காது. முனை அவ்வளவு கூரில்லை. பையனின் உள்ளங்கைக்கு அளவாக இருக்கும். "இதுக்கு மேல உங்களுக்குக் காட்ட என்கிட்ட கடையில்ல சார்" என்றார். வாங்கிக்கொண்டேன். நாலு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபேர்லேண்ட்ஸுக்கு ஆட்டோ பிடித்தேன்.

பையன் வாசலிலேயே பறித்துக்கொண்டான். திறந்தான், வளையத்தைத் திருப்பினான், மூடினான், மறுபடி திறந்தான். "தாத்தா, இது என்னோடதா? எனக்கே எனக்கா?" என்று நாலு தடவை கேட்டான். உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் சீவ வேண்டும், திறந்தபடி ஓடக்கூடாது என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மாடிக்கு ஓடினான். நல்லவேளை, மூடிக்கொண்டுதான் ஓடினான்.

அக்காவும் நானும் மட்டும் கூடத்தில். காபி வந்தது. குடிக்கவில்லை. எழுந்து ஜன்னல்வரை போனேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"என்ன தம்பி, எறும்பு கடிக்குதா?"

"அக்கா, எங்கப்பாவை யாரும் மூட்டிவிடலைக்கா. நான் எழுதின கடிதம்" என்று ஆரம்பித்துவிட்டேன். சிப்பிக் கத்தி, மரநாய் வரி, விட்டுப்போன ஒற்று, அம்மா கேட்ட கேள்வி, நான் சொன்ன பொய். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவள் மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து என் தலையில் கைவைப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஆமாம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைத்தான் எதிர்பார்த்தேன். சின்னப் பையன், தெரியாமல் செய்தது, விடு சாமி என்பாள் என்று ஐம்பத்தெட்டு வருடமாக மனதுக்குள் அவளுக்கு வசனம் எழுதி வைத்திருந்தேன்.

"தப்பா எழுதுனது பத்து வயசுப் பையன்" என்றாள் அக்கா. குரல் தணிந்துதான் இருந்தது. "பயந்துட்டுப் பொய் சொன்னதும் அவந்தான். அவன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்கப்பன் கண்ண மூடறப்ப உனக்கு என்ன வயசு?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"நாப்பது தாண்டிருச்சு. வாத்தியாரு. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவன். அப்பவும் பத்து வயசாடா உனக்கு?"

"அக்கா..."

"என்ற படிப்பு போனது போவுது. நான் டீச்சராகாட்டி ஒண்ணும் கொறஞ்சு போகல. எங்கப்பன் படுக்கைல கெடந்த ஆறு மாசமும் ஒண்ணையே கேட்டுட்டுக் கெடந்தாரு. 'என்ற தம்பி என்னையப் போயி எப்பிடிப் புள்ள அப்பிடி நெனச்சான்? நான் எந்த வகைல அவனுக்கு அப்பிடித் தெரிஞ்சேன்?' நான் என்னத்தச் சொல்லுவேன்? தெரியலீங்கப்பா, தெரியலீங்கப்பான்னு சொல்லி அனுப்பிச்சு வெச்சேன். பதில் உன்ற கிட்ட இருந்துது. பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். வந்து சொல்றதுக்கு உனக்குக் காலு இல்லாம போச்சா?"

இதை நான் யோசித்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? என் குற்றத்தை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நான் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிற சின்னப் பையன்தான். அந்தப் பையனுக்காக நானே பரிதாபப்பட்டு, நானே மன்னித்து, அதையே ஒரு சுகமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேட்டி கட்டி, மூக்குக்கண்ணாடி போட்டு, வேலியோரம் வாயை மூடிக்கொண்டு நின்றவனை நான் ஒரு நாளும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜைமேல் இருந்த போனை எடுத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒரு எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"யாருக்குக்கா?"

"எங்கண்ணனுக்கு. எழுவத்தாறு ஆச்சு. போன மாசம்தான் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துது. அண்ணனையும் இப்பிடியே அனுப்பி வெக்கலாம்னு இருக்கறயா?"

"நான் நேரில் போய்..."

"நேர்லயும் போவோணும். இப்ப இத மொதல்ல சொல்லு."

மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. அக்கா போனை என் கையில் திணித்துவிட்டு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள். ஆறாவது மணியில் எடுத்தார்கள். பெரியப்பாவே பேசுவது போன்ற குரல். "சொல்லு புள்ள" என்றார். தங்கை என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணா, அக்கா இல்லைங்க. நான் உங்க சித்தப்பா பையன் பேசறேன்."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைத்துவிட வேண்டும் என்றுகூட ஒரு கணம் வேண்டிக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் தம்பிமார்களுக்கு யாரும் 'ங்க' போடமாட்டார்கள். நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.